பச்சை வாளியின் எடை

ஜூன் 16, திங்கள்

இன்று முதல் எங்கள் குடியிருப்பில் குப்பைக்குச் சட்டம் வந்துவிட்டது. மூன்று வாளி. பச்சையில் சமையல் கழிவு. நீலத்தில் காகிதம், பிளாஸ்டிக், பாட்டில். சிவப்பில் நாப்கின், மாத்திரை அட்டை, பிளேடு, அதையும் பேப்பரில் சுற்றித்தான் போட வேண்டும். பால் கவரைக் கழுவிக் காயவைக்காமல் போட்டால் திரும்ப உன் வீட்டு வாசலுக்கே வரும். பிரிக்காத குப்பையைக் கார்ப்பரேஷன் வண்டி எடுக்காது. சமையல் கழிவை நாங்களே டிரம்மில் போட்டு உரமாக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டத்தில் கேட்டதும், இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். முப்பத்தொரு வருஷம் கோயமுத்தூர் மில்லில் கழிவுப் பஞ்சை எடை போட்டவன் நான். நூறு கிலோவில் எத்தனை கிராம் வீணாகப் போகிறது என்று கையில் எடுத்தே சொல்வேன். வாழைப்பழத் தோலெல்லாம் எனக்கு ஜுஜுபி.

கலாமணியிடம் வந்து சொன்னேன். "சரிங்க" என்றாள். போன வருஷம் ஏப்ரலில் இருந்து அவள் என்னிடம் பேசுவது இவ்வளவுதான். சரிங்க, இல்லீங்க, காபி ஆறுதுங்க. முப்பத்திநாலு வருஷம் வாய் ஓயாமல் பேசிய பொம்பளை.

ஜூன் 23, திங்கள்

தராசு வாங்கி மாடிப்படிக்குக் கீழே தொங்கவிட்டாயிற்று. காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. வீட்டு எண், ஆட்கள் எத்தனை, பச்சை வாளி எத்தனை கிலோ. வாரக் கடைசியில் பலகையில் எழுதி ஒட்டுவேன். மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வந்தால்தான் சோற்றைக் கொட்ட மாட்டான்.

ஜூன் 30, திங்கள்

பலகையில் முதலிடம் யார் என்றால், நான்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் தினம் ஒரு கிலோ எண்ணூறு, ஒன்று தொள்ளாயிரம். மூன்றாம் மாடியில் ஆறு பேர் இருக்கிறார்கள், அவர்களே ஒன்று நானூறுதான்.

தராசு சரியில்லையோ என்று கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு மயில்சாமி பலகையைப் படித்துவிட்டு, "ஏனுங்க, வீட்டுக்குள்ள சத்திரம் நடத்தறீங்களா?" என்கிறான். முகத்தைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

என் வாளியை நானே கிளறிப் பார்த்தேன். மேலே காபித் தூள், வெங்காயத் தோல். அதற்குக் கீழே ஒரு ஆள் சாப்பாடு. சோறு, பச்சைப்பயிற்றுக் கடைசல், புடலங்காய்ப் பொரியல், ஓரத்தில் ஒரு அப்பளம், நமத்துப் போய். யாரும் கை வைக்காத சாப்பாடு. புடலங்காயை நான் தொடுவதே இல்லை. கலாமணிக்கும் ஆகாது.

அதைச் சாப்பிடுகிறவள் இந்த வீட்டில் இல்லை. மகள் இந்துஜா போன வருஷம் ஏப்ரலில், கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினீயர்தான், படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் அம்மா கார்ப்பரேஷனில் குப்பை வாருகிறவள். அந்தக் குடும்பத்தின் முகத்தில்கூட நான் முழித்ததில்லை. எங்கள் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்ல. இனி இந்தப் படி ஏறாதே என்றேன். ஏறவில்லை. சொன்ன பேச்சை அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எப்படியோ, ஒன்று எண்ணூறு அதிகம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

"ஏன் கலா, ஒரு ஆள் சாப்பாடு அப்படியே வாளிக்குப் போகுது?"

"மூணு பேருக்குப் பொங்கிப் பழகின கைங்க."

"பழக்கத்தை மாத்து. பலகையில பேர் வருது, மானம் போகுது."

"நீங்க மாத்தீட்டீங்களா?" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று கேட்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

ஜூலை 9, புதன்

டிரம் நாறுகிறது. மூன்று பேர் புகார் செய்தார்கள்.

மத்தியானம் டிரம்முக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று. வேப்பமரக் காற்று. மூடியில் கை வைத்தால் சூடு. உள்ளே ஏதோ மெல்ல மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வீட்டுச் சாப்பாடும் தட்டிலே பரிமாறினபடி, ஆவி பறக்க, படியில் வரிசையாக இறங்கி வருகிறது. ஆட்கள் இல்லை, தட்டுகள் மட்டும். ஒவ்வொரு தட்டும் என்னிடம் வந்து நின்று எடை போட்டுக்கொண்டு போகிறது. கடைசித் தட்டு மட்டும் நிற்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. கூப்பிட நினைத்தேன், என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முழித்தபோது காக்கை ஒன்று நாற்காலிக் கையில் உட்கார்ந்திருந்தது.

ஜூலை 17, வியாழன்

கார்ப்பரேஷன் வண்டிக்குப் புது ஆள் வந்திருக்கிறாள். பேர் துளசிமணி. ஐம்பத்தைந்து இருக்கும். பச்சைக் கோட்டு, தலையில் துண்டு. வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் நாச்சிமுத்து சாருங்களா?" என்றாள். பலகையில் என் பேர் இருக்கிறதே, படித்திருப்பாள்.

டிரம்மைத் திறந்து ஒரு தடவைதான் முகர்ந்தாள். "ஈரத்து மேல ஈரமாப் போட்டா நாறத்தான் செய்யுமுங்க. ஒரு அடுக்குக் குப்பை, ஒரு அடுக்குச் சருகு. நான் கொண்டாந்து தர்றனுங்க" என்றாள்.

நூற்பாலை ஈரப்பதமெல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது சரி என்பதால் விட்டுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

சருகு வந்தது. நாற்றம் போயே போச்சு.

அது மட்டுமா. போன வாரம் முழுக்க என் வீட்டுப் பச்சை வாளி அறுநூறு கிராம். கண்டித்துச் சொன்னால் யாரும் திருந்துவார்கள். பலகையில் எங்கள் எண்ணைக் கடைசி வரியில் எழுதும்போது கை கொஞ்சம் அழுத்தமாகவே எழுதியது. மயில்சாமி வந்து தன் வீட்டு எண் எந்த வரியில் இருக்கிறது என்று தேடினான்.

ஜூலை 30, புதன்

விஷயம் இதுதான். கலாமணி மிச்சச் சாப்பாட்டைத் துளசிமணியிடம் கொடுத்துவிடுகிறாள். இன்று கேட் பக்கம் பார்த்தேன். தூக்குப்போசியைக் கொடுத்து, அவள் காதோரம் ஏதோ சொல்லி, அவள் தலையாட்டினாள்.

கேட்டதற்கு, "குப்பைக்குப் போறது ஒரு வயித்துக்குப் போகட்டுமுங்க. பசிக்கிற வயிறு. கீரை இருந்தா நல்லதுன்னு சொன்னா, நாளைக்கு முருங்கைக்கீரை வாங்கியாங்க" என்றாள். பதினைந்து மாதத்தில் அவள் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான் அதிகம்.

நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இத்தனை பாத்திரம் இருக்க, இந்துஜாவின் தூக்குப்போசியையா எடுத்துக் கொடுப்பது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கீரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எங்கள் வாளியில் மாங்காய்த் தோல், நாரத்தங்காய்க் கொட்டை. எனக்குப் புளிப்பு ஆகாது, அவளுக்கு மூட்டுவலி. "யாருக்கு இத்தனை புளிப்பு?" என்றால், "துளசிமணி கேட்டா" என்கிறாள். அந்தப் பொம்பளைக்கு இந்த வயதில் நாக்கு நீளம்தான்.

கலாமணி சமையலறையில் முனகிக்கொண்டிருந்தாள். வலியோ என்று எட்டிப் பார்த்தேன். பாடிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 10, புதன்

மழைத் தூறல். டிரம்மடியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். உட்கார வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது, அவ்வளவுதான்.

கண்ணை மூடினால் இப்போதெல்லாம் ஒரே கனவு. டிரம்முக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல். போதுமா என்று கேட்கிறேன். திரும்பாமலே கையை நீட்டி இன்னும் கொஞ்சம் என்கிறாள். பரிமாற என் கையில் கரண்டி இல்லை, தராசுதான் இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

எங்கள் வார்டில் சுத்தமான குடியிருப்பு என்று எங்களுக்குக் கேடயம். கேட்டுக்கு முன்னால் பந்தல், மைக். கவுன்சிலர் சால்வை போர்த்தினார். நானும் நாலு வார்த்தை பேசினேன். "குப்பையைத் தொடுறது கேவலம்னு நெனக்கிறவன் மனுஷனே இல்லை. நானே தினமும் தொடறேன். தொட்டதால என் கௌரவம் ஒரு கிராம்கூடக் குறையலை" என்றேன். நல்ல கைதட்டல். துளசிமணி கடைசி வரிசையில் நின்று எல்லோரும் ஓய்ந்த பிறகும் தட்டினாள்.

கலாமணி பாதியில் எழுந்து மேலே போய்விட்டாள். தலைவலி என்றாள். கேடயத்தை எங்கே வைக்கட்டும் என்றதற்கு, "எங்க வேணா வைங்க" என்றாள்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

விடிந்ததும் எடை போட்டேன். எங்கள் வாளி இரண்டு கிலோவுக்கு மேல். எலுமிச்சைத் தோல் ஒரு குவியல், புளிச்சக்கை, தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு. ஆனால் சோறு ஒரு பருக்கை இல்லை. ஐந்தாறு வகைச் சாதம் கிளறினால்தான் இப்படி விழும். நீல வாளியில் கண்ணாடி வளையல் அட்டைகள், மடக்காமல் அப்படியே. அட்டையைத் தட்டையாக்கித்தான் போட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருப்பது யாருக்கு.

கலாமணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பெரிய தூக்குகளோடு ஆட்டோவில் போனாள். கோவிலுக்காம். மத்தியானம் திரும்பி வந்தாள், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் பச்சை வளையல். "கோவில்ல கொடுத்தாங்க" என்றாள். அழுதிருக்கிறாள், ஆனால் முகம் நன்றாக இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

துளசிமணி கையிலும் அதே பச்சை வளையல். ஒரே கோவில் போல.

என்னவோ கேட்க வாய் வந்தது. சருகு ஈரமாக இருக்கிறதே என்று கேட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

மார்கழிப் பனி. ஆறரை மணிக்கு எதிர் பிளாக்கே தெரியவில்லை. முதல் டிரம்மைத் திறந்தேன். ஆறு மாதத்துக் குப்பை, கறுப்பாக, பொலபொலவென்று உரமாகியிருக்கிறது. மில்லில் மழை நாளில் பஞ்சுப் பொதி பிரித்தால் ஒரு வாசனை வரும், அது. உள்ளே கையை விட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. பனிக்குள் யார் யாரோ வாளியோடு வந்தார்கள், போனார்கள், யார் என்று தெரியவில்லை.

ஜூலை மாதம் நான் கிளறிப் பார்த்த அந்தப் புடலங்காயும் சோறும் இதற்குள்தான் எங்கோ இருக்க வேண்டும். எத்தனை நாள் சோறு அது. ஒரு வருஷத்துக்கு மேல் கலாமணி தினமும் எடுத்து வைத்துக் காத்திருந்திருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

மூன்று நாளாகத் துளசிமணி வரவில்லை. வேறொருவன் வருகிறான், சிவப்பு வாளியை நீலத்தில் கொட்டுகிறான்.

கலாமணியும் திங்களிலிருந்து காலையில் போய் இருட்டுகிற நேரத்துக்கு வருகிறாள். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையாம். பச்சை வாளியில் அரைக்கிலோ பூண்டுத் தோல், சுக்குத் தட்டின தூள். தங்கச்சிக்கு வாயு போல.

நான் மடையன் இல்லை. ஆனால் எழுதிவிட்டால் பிறகு நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

துளசிமணி வந்தாள்.

"என்னம்மா, ஒரு வாரமா ஆளைக் காணோம். லீவு சொல்ல வேண்டாமா?"

"பேத்தி பொறந்திருக்குதுங்க சார்."

"அப்படியா, சந்தோஷம். யார் சாடை?"

வாளியைக் கீழே வைத்தாள். "மூக்கு அப்படியே உங்களுதுங்க" என்றாள்.

நோட்டு கையில் இருந்தது. பேனாவை மூடினேன், திறந்தேன். எட்டாம் நம்பர்க்காரர் வாளியை நீட்டிக்கொண்டு நின்றார். அப்புறம் வாங்க என்று அனுப்பினேன்.

"மசக்கையில அந்தப் புள்ளைக்கு எங்க வீட்டுச் சோறு எறங்கலீங்க. பச்சத் தண்ணியும் நிக்கல. அம்மா கைச் சோறு வேணும்னு படுத்தே கெடந்தா. நான் சூப்பர்வைசர்கிட்ட மன்றாடி இந்தத் தெருவை வாங்கிட்டு வந்தனுங்க. அம்மாகிட்டப் போசி கேட்டேன். கொடுத்தாங்க."

"ஆறு மாசமா எங்கிட்டச் சொல்லலை."

"சொன்னாப் போசி நின்னு போயிருமோன்னு பயங்க சார். அன்னிக்கு மைக்குல பேசினீங்களே, அப்பச் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அத்தனை பேர் முன்னாடி உங்களுக்குச் சங்கடமாயிரும்னு விட்டுட்டேன்."

என் மானத்தை இவர் காப்பாற்றியிருக்கிறார். முகத்தில்கூட முழிக்க மாட்டேன் என்றேனே, ஆறு மாதமாகத் தினமும் காலையில் இவர் முகத்தில்தான் முழித்திருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"உள்ள வாங்க, காபி சாப்பிட்டுப் போலாம்" என்றேன். வண்டி நிற்கிறது, பொங்கலுக்கு நீங்க வீட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடி ஏறினேன். கலாமணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "இந்துஜா நல்லா இருக்காளா?" என்றேன். அவள் கை நின்றது. பிறகு ஆரம்பித்தாள். வலி எடுத்தது எப்போது, ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படி, தையல் எத்தனை, குழந்தை எடை இரண்டு எண்ணூற்று ஐம்பது, அழுதால் உதடு எப்படிக் கோணுகிறது, மாப்பிள்ளை பிரதீப் எப்படிப் பயந்து போனான். மத்தியானம் வரை பேசினாள். சாப்பிட்ட பிறகும் பேசினாள். நான் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை நாள் ஆயிற்று இந்தக் குரலைக் கேட்டு.

ஜனவரி 13, செவ்வாய்

எடை போடவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

பாய், தலையணை, பழைய டயர் எதையும் எரிக்கக் கூடாது, கொண்டுவந்து கீழே வைத்தால் வண்டி எடுத்துக்கொள்ளும். காலையிலிருந்து அதே வேலை.

அண்ணன் போன் செய்தார், பொங்கலுக்கு ஊருக்கு எப்போது வருகிறாய் என்று. "வரலீங்கண்ணா. பேத்தி பொறந்திருக்கா, பார்க்கப் போறேன்" என்றேன். எந்தப் பேத்தி என்றார். இந்துஜா மகள் என்றேன். போனை வைத்துவிட்டார். இனி கூப்பிட மாட்டார் என்று நினைக்கிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது, கூடப் பிறந்தவர்.

"நான் வந்தா உள்ள விடுவாளா?" என்று கலாமணியிடம் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நீங்களாச்சு, உங்க மகளாச்சு."

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

ஆட்டோவில் கரும்பு நீட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் கொத்து கலாமணி மடியில், பானை என் மடியில். தெருவெல்லாம் பனி விலகாமல், கோலங்களெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி தெரிந்தன. எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியவில்லை. கால் மணி நேரம்தான் என்றாள் கலாமணி. இத்தனை பக்கத்திலா இருந்தாள்.

முதல் மாடி. பிரதீப் கதவைத் திறந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்னப் பையன். "வாங்க மாமா" என்றான். துளசிமணி புதுச்சேலை கட்டியிருந்தார். கோட்டு இல்லாமல் பார்க்க வேறு யாரோ போல இருந்தார். "வாங்க சம்பந்தி" என்று கரும்பை வாங்கி மூலையில் சாய்த்தார்.

உள்ளறையில் கட்டிலில் இந்துஜா, தலையில் துண்டு கட்டி. மடியில் ஒரு சின்ன மூட்டை. இளைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. துணிக்குள்ளிருந்து அந்த மூக்கு தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டினேன்.

இந்துஜா குழந்தையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதை இப்போது அவள் சொல்லப் போகிறாள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"தினமும் குப்பை அள்றீங்க" என்றாள். "கை கழுவிட்டு வந்து தூக்குங்கப்பா. எங்க அத்தைக்கும் இதே சட்டம்தான்."

"ஆமாங்க சம்பந்தி, என்னையும் விடமாட்டா" என்றார் துளசிமணி. பிரதீப் பின்கட்டுக் குழாயைக் காட்டினான்.

சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தேன். நகக் கண்ணெல்லாம் தேய்த்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, கண்ணிலிருந்து வந்தது மட்டும் சூடு. துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையையும் திருப்பித் திருப்பி மகளிடம் காட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

மறுபடியும் போய்க் கழுவினேன்.